ஆட்சேப மின்னஞ்சல் இயக்கத்துக்குப் பிறகு தளம் முடங்கினால்

அமைச்சகத்துக்கு ஆட்சேப மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் பக்கம் வைத்தீர்கள்; கடிதம் எதுவும் வராமலே தளம் மறைந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். பக்கத்தை நீங்களாக நீக்காதீர்கள். அரசின் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை எதிர்த்து அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்வது குற்றமல்ல. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் தருகின்றன.

உங்களுக்குக் கடிதம் வராததில் வியப்பில்லை. நோட்டீஸ் பெரும்பாலும் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, விற்ற நிறுவனத்துக்குப் போயிருக்கும். பயந்து அவர்களே முடக்கியிருப்பார்கள். 2020 ஜூலையில் 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் இந்தியா' என்ற காலநிலை இளைஞர் இயக்கத்தின் தளத்துக்கு இப்படித்தான் நடந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு குறித்து அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன என்பதுதான் புகார். டெல்லி காவல்துறை முதலில் எடுத்தது ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச்) சட்டம். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், மின்னஞ்சலுக்கு! எதிர்ப்பு எழுந்ததும், தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று அந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றது.

இப்போது செய்ய வேண்டியவை:

1. 'ஹூஇஸ்' (WHOIS) என்ற டொமைன் விவரத் தேடலில் டொமைனின் நிலையைப் பாருங்கள். 'கிளையன்ட் ஹோல்ட்' என்றிருந்தால் முடக்கியது விற்ற நிறுவனம். 'சர்வர் ஹோல்ட்' என்றால் பதிவகம், அதாவது .com, .in போன்ற முகவரிகளை நிர்வகிக்கும் அமைப்பு. இரண்டும் இல்லை, ஆனால் சில இணைய இணைப்புகளில் மட்டும் திறக்கவில்லை என்றால், அது இணையச் சேவை நிறுவனங்கள் வழியான தடை.

2. முடக்கியவரிடம் உத்தரவின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். எந்தப் பிரிவு, யார் கையொப்பம் என்பதே முக்கியம். அரசு தளத்தைத் தடைசெய்யும் வழக்கமான வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு.

ஒரே மின்னஞ்சலைத் தானியங்கி நிரல் கொண்டு ஆயிரக்கணக்கில் அனுப்பியிருந்தால் கதை வேறு. கணினிச் சேவையை முடக்கியதாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவைக் காட்ட இடமுண்டு. அப்படியானால் வழக்கறிஞரைப் பார்க்காமல் யாருக்கும் பதில் எழுத வேண்டாம்.