மணியாச்சி சின்ன ஊர்தானே, அங்கே எதற்கு ஜங்ஷன்? திருநெல்வேலி–தூத்துக்குடி வண்டி ஏன் அங்கே இவ்வளவு நேரம் நிற்கிறது?

1876-ல் தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பாதை போட்டது. திருநெல்வேலிக்கான கிளை பிரிந்த இடம்தான் மணியாச்சி. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டும் அங்கிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. அதனால் ஊருக்காக அல்ல, வண்டி மாறத்தான் இந்த ஸ்டேஷன். கொழும்புக் கப்பலோடு இணைந்த போட் மெயிலுக்காகக் காத்திருந்த பெட்டியில்தான் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். ஸ்டேஷன் பெயரில் 'வாஞ்சி' சேர்ந்தது பின்னாளில்.

தாமதத்துக்கு வருவோம். இரண்டு பாதையும் மதுரைப் பக்கம் பார்த்தே சேர்கின்றன. எனவே திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வண்டி இங்கே திசை மாற வேண்டும்: இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய், பிரேக் குழாயை இணைத்து, காற்றழுத்தம் ஏறியதும் பிரேக் சோதித்த பிறகே சிக்னல். லைன் காலியில்லை என்றால் இன்னும் இழுக்கும். பாலருவி எக்ஸ்பிரஸுக்கும் இதே கதை. மதுரை வழியாக நேராக வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

திசை மாறியதும் கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும். தூத்துக்குடியில் உங்களை அழைக்க வருபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். டிக்கெட் தேடும்போது 'வாஞ்சி மணியாச்சி' என்றே தேடுங்கள்.