சத்துமாவுக்கு வாங்கும் மல்லாட்டை: வறுத்தால் நஞ்சு போய்விடுமா?

செய்யாறு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் மகளிர் குழுவில் கேழ்வரகு, பொட்டுக்கடலை, மல்லாட்டை (நிலக்கடலை) சேர்த்துக் குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கிறோம். மல்லாட்டையை ஊர் விவசாயிகளிடமே வாங்குகிறோம். போன தடவை மாவில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அதிகம் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். இன்னும் நன்றாக வறுக்கலாமா, இல்லை மல்லாட்டையையே விட்டுவிடலாமா?"

இரண்டுமே வேண்டாம், அம்மா. மல்லாட்டையில் கால் பங்கு புரதம், பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு. சின்ன வயிறு கொள்ளும் இரண்டு கரண்டி மாவுக்குள் இவ்வளவு சத்தை வைக்க, இந்த விலைக்கு வேறு பொருள் கிடைப்பது கஷ்டம். ஆனால் அஃப்ளாடாக்சின் சூட்டுக்கு லேசில் அசையாது. வறுத்தால் பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு ஓரளவுதான் குறையும்.

இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஈரலைப் பாதிக்கும், புற்றுநோய் வரவழைக்கும் நஞ்சு இது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் 480 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் இதன் தடயம் இருந்தது. தடயம் கூடுதலாக இருந்த பிள்ளைகள் வளர்ச்சியில் பின்தங்கியிருந்தார்கள். இது மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. இருந்தாலும், வளர வேண்டும் என்று நாம் ஊட்டும் மாவிலேயே இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேற்கொண்டு பதப்படுத்தும் கடலைக்கு 15.

உங்கள் சிக்கல் அடுப்பில் இல்லை, வாங்கும் விதத்தில் இருக்கிறது. சரியாகக் காயாத காயில் பூசணம் வளரும். எடைக்குத்தானே காசு கொடுக்கிறீர்கள்? 12 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோவை 7 சதவீதத்துக்குக் காய வைத்தால் ஐந்து கிலோவுக்கு மேல் எடை குறையும். ஒரே விலை என்றால், நன்றாகக் காய வைத்தவருக்குத்தான் நஷ்டம். அப்புறம் யார் காய வைப்பார்கள்? காய்ந்த சரக்குக்கு அந்த ஐந்து கிலோவை ஈடுகட்டி, மேலே கொஞ்சம் சேர்த்து விலை வையுங்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

காய்ந்ததா என்று பார்க்கக் காயைக் காதருகே குலுக்குங்கள், பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். உடைத்து இரண்டு விரலால் தேய்த்தால் சிவப்புத் தோல் உதிர வேண்டும். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அப்புறம் காய் பறித்துத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பச் சொல்லுங்கள். வெறும் தரையில் கொட்ட வேண்டாம். சாயங்காலம் மூடிவிட வேண்டும்.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது. உடைக்கும் மில்லில் பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். நாள் கணக்கில் காய வைத்தது அங்கே ஒரே நாளில் பாழாகும். குழுவே காயாக வாங்கி, தண்ணீர் தெளிக்காமல் உடைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நொறுங்கட்டும், எப்படியும் அரைக்கத்தானே போகிறோம்.

முடிந்தால் மார்கழிப் பட்டத்துக் காயை வாங்குங்கள். அது பங்குனி, சித்திரை வெயிலில் அறுவடையாகும். ஆடியில் விதைத்த மானாவாரிக் காய் ஐப்பசி மழையில் மாட்டும். மானாவாரியில் கடைசி மாதம் தண்ணீர் இல்லாமல் செடி வாடினால், மண்ணுக்குள் இருக்கும்போதே பூசணம் ஏறிவிடும்.

வறுப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, முளைவிட்டது எல்லாம் வெளியே போக வேண்டும். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். மிக மோசமான ஒன்றே ஒன்று ஒரு மூட்டையை வரம்புக்கு மேல் கொண்டுபோய்விடலாம். அதனால் பரிசோதனைக்கு மேலாக ஒரு பிடி அள்ளி அனுப்பினால் அந்த முடிவை நம்ப முடியாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்து அனுப்புங்கள்.

கழித்த பருப்பை வீணாக்க மனசு வராது, தெரியும். ஆனால் கடலைமிட்டாய் போடுகிறவருக்கு மலிவாகத் தள்ளிவிடாதீர்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், செக்கில் ஆட்டிப் புண்ணாக்காகக்கூட வேண்டாம். நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற மாட்டின் பாலில் நஞ்சின் ஒரு பங்கு இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பதும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். கழிவை எரித்துவிடுங்கள்.