வாசகர் கேள்வி – பதில்: ஸ்டர்லிங் கோட்டைக்கு ஒரு முழு நாள்

ஸ்காட்லாந்தின் நடுவில், ஃபோர்த் ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டர்லிங். அந்தக் கோட்டை நகரத்துக்குப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எடின்பரோவில் நான்கு நாள் தங்குகிறோம். ஸ்டர்லிங் கோட்டை, லோமண்ட் ஏரி இரண்டையும் ஒரே நாளில் காட்டும் பஸ் பயணத்துக்குப் பணம் கட்டலாமா? (கோவை வாசகி)

ஏரிதான் முக்கியம் என்றால் கட்டுங்கள். கோட்டைதான் முக்கியம் என்றால் வேண்டாம். இப்படிப்பட்ட பயணங்களில் கோட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள். வரிசையில் நிற்பது, கழிப்பறைக்குப் போவது, திரும்பி வந்து ஆட்களை எண்ணுவது என்று அதிலும் பாதி கரைந்துவிடும். கோட்டையை மட்டும் நிதானமாகப் பார்க்கவே மூன்று மணி நேரம் வேண்டும்.

எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ஸ்டர்லிங்குக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஏறக்குறைய 50 நிமிடப் பயணம். ஸ்காட்ரெயில் வண்டிகளில் காலை, மாலை நெரிசல் நேரத்துக்கு என்று தனியாக வாங்கிவந்த கூடுதல் கட்டணத்தை 2025 செப்டம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். அதனால் காலை எட்டு மணி வண்டியில் போனாலும் அதே கட்டணம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிகள் குறைவு. அந்த நாளைத் தவிர்த்தால் நல்லது.

கோட்டை காலை 9.30-க்குத் திறக்கும். திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் வரும் சுற்றுலா பஸ்கள் பதினொரு மணிவாக்கில் வந்து சேரும்போது அரண்மனை அறைகளை நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட்டால் வாசலில் வாங்குவதைவிட மலிவு.

கோட்டைக்குள் எதை முதலில் பார்ப்பது? வரலாறு அதிகம் தெரியாதவர்களுக்குப் புரியுமா? (மதுரை வாசகர்)

எந்த அறைக்குள்ளும் நுழையாமல், முதலில் மதில் ஓரம் போய் நில்லுங்கள். வடகிழக்குப் பக்கம் பீரங்கிகள் வரிசையாக இருக்கும் மேடை ஒன்று உண்டு, கிராண்ட் பேட்டரி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்த்தால் ஃபோர்த் ஆறு பாம்பு போல வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம், அதற்கு அப்பால் ஒரு குன்று, குன்றின் மேல் வாலஸ் நினைவுக் கோபுரம். ஸ்டர்லிங்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

முற்காலத்தில் இதற்கு மேற்கே பெரும் சதுப்பு நிலம் இருந்தது. கிழக்கே போகப் போக ஆறு அகன்று கடலோடு கலந்துவிடும். தெற்கிலிருந்து வடக்கே போகிற படைக்கு, ஆற்றைக் கடக்கத் தோதான இடம் இந்தப் பாலம்தான். பாலத்தைக் கண்காணிக்க இந்தப் பாறையைவிட நல்ல இடம் கிடையாது. கோட்டை ஏன் இங்கே வந்தது, ஏன் இத்தனை முறை முற்றுகைக்கு ஆளானது என்பதற்கு இதுதான் விடை.

1297 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்துப் படைத்தலைவர்கள் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் இங்கிலாந்துப் படையை மடக்கியது இதே இடத்தில்தான். அன்றிருந்தது குறுகலான மரப்பாலம். இரண்டு குதிரைகள்தான் பக்கத்தில் பக்கமாகப் போக முடியும். இங்கிலாந்துப் படையில் ஒரு பகுதி வடகரைக்கு வரும்வரை ஸ்காட்லாந்துக்காரர்கள் அங்கே பொறுத்திருந்தார்கள். பிறகு பாலத்தின் முனையை அடைத்துவிட்டுத் தாக்கினார்கள். சுற்றிலும் ஆற்று வளைவு, காலடியில் சேறு. கனத்த கவசக் குதிரைகளைத் திருப்பக்கூட முடியவில்லை. தென்கரையில் நின்ற இங்கிலாந்துப் படைத்தலைவர் சர்ரே பிரபு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய இயலவில்லை. மேலிருந்து அந்த வளைவைப் பார்த்த பிறகு, புத்தகத்தில் படித்துப் புரியாததும் புரிந்துவிடும்.

அதன் பிறகு அரண்மனைக்குள் போங்கள். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் 1540-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமது பிரெஞ்சு ராணி மேரிக்காகக் கட்டியது இது. பல ஆண்டு வேலைக்குப் பிறகு 2011-இல் பழைய வண்ணங்களோடு திறந்தார்கள். மன்னரின் அறையில் கழுத்து வலிக்கும் வரை விதானத்தைப் பாருங்கள். பளிச்சென்று வண்ணம் பூசிய வட்டமான மரச் செதுக்கல்களில் மன்னர்கள், ராணிகள், ரோமப் பேரரசர்கள், ஒரு விதூஷகன் என்று முகங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவை புதிதாகச் செய்தவை. பதினாறாம் நூற்றாண்டில் கருவாலி மரத்தில் செதுக்கிய அசல் முகங்கள் மேல்மாடியில் தனிக் கூடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். பலரும் கீழே பார்த்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். கண்ணாடிக்குள் இருக்கும் அந்த மரத்தில் உளிபட்ட தடம்கூடத் தெரியும். ஆடை மடிப்பையும் தலைமுடிச் சுருளையும் அந்தத் தச்சர்கள் எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள் என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் உணர முடியும்.

மஞ்சள் பூச்சோடு தூரத்திலிருந்தே மின்னும் கட்டடம் நான்காம் ஜேம்ஸின் பெரிய மண்டபம். 1503-ஐ ஒட்டி முடிந்தது. பின்னாளில் படைவீரர்களின் தங்குமிடமாக்கித் தளங்களும் சுவர்களும் வைத்துச் சிதைத்திருந்ததை மீட்டு 1999-இல் திறந்தார்கள். மஞ்சள் பழைய முறைச் சுண்ணாம்புப் பூச்சுதான். சாம்பல் நிறக் கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் உறுத்தும். ஆனால் அரசர் காலத்தில் கோட்டை இப்படித்தான் ஒளிவிட்டது. 1594-இல் இளவரசர் ஹென்றியின் ஞானஸ்நான விருந்தில் இந்த மண்டபத்துக்குள் ஒரு கப்பலையே செய்து நிறுத்தி, அதிலிருந்து மீன் உணவு பரிமாறினார்கள்.

பெற்றோருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

கோட்டைக்கு அழைத்துப் போகலாம், வாலஸ் கோபுரத்தின் உச்சிக்கு வேண்டாம்.

ரயில் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆனால் முழுக்க ஏற்றம். கடைசிப் பகுதியில் உருட்டுக்கல் பாவிய தெரு, மழையில் வழுக்கும். நிலைய வாசலில் டாக்ஸி எடுத்தால் கோட்டை முன்திடலிலேயே இறக்கிவிடுவார்கள். உள்ளேயும் சரிவும் கற்தரையும் உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவும் ஒரு கைத்தடியும் அவசியம். அரண்மனை, பெரிய மண்டபம், தேவாலயம் மூன்றும் ஒரே முற்றத்தைச் சுற்றி இருப்பதால், அங்கே சேர்ந்துவிட்டால் அலைச்சல் குறைவு.

வாலஸ் நினைவுக் கோபுரம் வேறு கதை. 1869-இல் கட்டி முடித்தது, 67 மீட்டர் உயரம். 246 படி, லிஃப்ட் கிடையாது. ஒரே சுருள்படிதான், ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அதிலேயே விலகிக்கொள்ள வேண்டும். முதுகில் பெரிய பை இருந்தால் இரு தரப்புக்கும் தொல்லை. நடுவில் மூன்று தளங்களில் கூடங்கள் இருப்பதால் இளைப்பாறி ஏறலாம். முதல் படிக்கு முன்பே கார் நிறுத்தும் இடத்திலிருந்து குன்றின் மேலே செங்குத்தான காட்டுப் பாதை இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு மூச்சு வாங்குவது அங்கேதான்.

வாலஸின் வாள் அந்த நினைவுக் கோபுரத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையில் அவருடையதா? (திருச்சி மாணவர்)

163 செ.மீ. நீளமுள்ள அந்த வாள் காலங்காலமாக அவர் பெயரில் போற்றப்படுகிறது. ஆனால் இன்று பார்ப்பது முழுவதும் 13-ஆம் நூற்றாண்டு வேலை அல்ல. பிற்காலத்தில் பிடியும் மற்ற பகுதிகளும் மாறியிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்த நீளத்தின் முன்னால் நிற்பது ஒரு தனி அனுபவம்தான்.

கோட்டை, வாலஸ் கோபுரம், பேனக்பர்ன் போர்க்களம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டா? (சென்னை வாசகி)

கிடையாது. கோட்டை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பின் பொறுப்பு. பேனக்பர்ன் போர்க்கள மையம் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்தினுடையது. வாலஸ் கோபுரம் இரண்டிலும் சேராதது. முதல் அமைப்பின் எக்ஸ்ப்ளோரர் பாஸ் எடின்பரோ, ஸ்டர்லிங், டூன் ஆகிய கோட்டைகளுக்குச் செல்லும். எடின்பரோ, ஸ்டர்லிங் இரண்டோடு இன்னும் ஓர் இடமாவது பார்ப்பதானால்தான் எடுங்கள். பாஸ் இருந்தாலும் எடின்பரோ கோட்டைக்கு நேரத்தை முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

பேனக்பர்னில் குதிரைமேல் அமர்ந்த ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் த புரூஸ் சிலையைப் பார்க்க டிக்கெட் தேவையில்லை. 1314 ஜூன் 23, 24 தேதிகளில் அவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டை வென்றது அந்தச் சுற்றுவட்டாரத்தில்.

எந்த மாதம் நல்லது? (பெங்களூரு வாசகர்)

மே. மழை ஒப்பளவில் குறைவு, கூட்டமும் குறைவு, இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். ஜூன் கடைசியில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும். கோட்டையும் ஐந்து மணிக்கே மூடும், 25, 26 தேதிகளில் திறக்காது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விடுமுறை. ஆகஸ்டில் எடின்பரோ கலைவிழாவால் அங்கே அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறும். அப்போது ஸ்டர்லிங்கிலேயே தங்கிக்கொண்டு எடின்பரோவுக்கு ரயிலில் போய்வருவது புத்திசாலித்தனம்.

குடையை நம்ப வேண்டாம். கோட்டை மதிலில் அடிக்கும் காற்றில் முதல் நிமிடத்திலேயே திரும்பிக்கொள்ளும். தலைமூடி உள்ள மழைக்கோட்டு, அதற்குள் ஒரு ஸ்வெட்டர், ஜூலையிலும் கூட.

விசா விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? (பல வாசகர்கள்)

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா தேவை. ஷெங்கன் விசா செல்லாது. ஐரோப்பாச் சுற்றுலாவோடு ஸ்காட்லாந்தைச் சேர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம், கோடையில் இன்னும் இழுக்கலாம். மறுத்தால் கட்டணம் திரும்பி வராது.

மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம், இணையத்தில் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி வாங்கினால் போதும். ஐரோப்பிய அடையாள அட்டையை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது.

விமான நிலையத்திலிருந்து நேராக ஸ்டர்லிங் போக வழி உண்டா? (கோலாலம்பூர் வாசகி)

எடின்பரோ விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, டிராம் உண்டு. பெட்டியோடு நகர மையம் வரை போய்த் திண்டாட வேண்டியதில்லை. எடின்பரோ பார்க் ஸ்டேஷன் நிறுத்தத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே ரயில் நிலையம். டன்பிளேன் என்று பலகை போட்ட வண்டியில் ஏறினால் ஸ்டர்லிங். லண்டனில் விமானம் மாறுபவர்களுக்குக் குடியேற்றச் சோதனை லண்டனிலேயே நடந்துவிடும், ஆகவே நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மலேசியாவிலிருந்து வருவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டை டிக்கெட்டே போதும். 1942 ஜனவரியில் மலாயாவின் சிலிம் ரிவரில் ஜப்பானியப் படையிடம் பெரும் இழப்பைச் சந்தித்தது அந்தப் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியன்தான். அம்மாதம் 31-ஆம் தேதி, ஜொகூர் பாலத்தைத் தகர்ப்பதற்கு முன் பைப் இசையோடு சிங்கப்பூர்ப் பக்கம் கடைசியாகக் கடந்ததும் அவர்களே. தாத்தா பாட்டி சொன்ன ஜப்பான்காரன் காலத்துக் கதைகளின் மறுபக்கம் அங்கே கிடைக்கும்.

சைவ உணவு கிடைக்குமா? (கும்பகோணம் வாசகி)

தாராளமாக. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்வது ஹாகிஸ். பருப்பும் ஓட்ஸும் சேர்த்த சைவ ஹாகிஸும் பரவலாகக் கிடைக்கிறது. சூப் கேட்டால் எதில் கொதிக்கவைத்தது என்று விசாரியுங்கள். காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். பப் சமையலறைகள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கே மூடிவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

பணம், பிளக் பற்றி? (சேலம் வாசகர்)

இந்தியாவின் உருண்டை முனை பிளக் அங்கே சேராது. தட்டை மூன்று முனை அடாப்டர் வேண்டும். ஸ்காட்லாந்து வங்கிகள் தனியே அச்சிடும் பவுண்டு நோட்டுகளை ஊர் திரும்பிய பிறகு மாற்றுவது சிரமம்; அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

போர் நடந்த பாலத்தின் மேல் நடக்க முடியுமா? (புதுச்சேரி வாசகர்)

அந்த மரப்பாலம் இப்போது இல்லை. அது சற்று மேலே, ஆறு வரும் திசையில் இருந்தது. இன்றுள்ள பழைய பாலம் 1500-ஐ ஒட்டிய கல் பாலம், நான்கு வளைவுகள், நடப்பவர்களுக்கு மட்டும். 1745 கிளர்ச்சியின்போது, பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போராடிய ஜேக்கபைட் படையைத் தடுக்க, அரசுப் படையினர் தென்பக்க வளைவை இடித்துவிட்டார்கள். 1749-இல் திரும்பக் கட்டினார்கள். கோட்டையிலிருந்து கவன் ஹில் வழியாக இறங்கி, மரண தண்டனை நிறைவேற்றிய கல்லைப் பார்த்துவிட்டுப் பாலத்துக்கு வரலாம். பாலத்தைத் தாண்டி வாலஸ் கோபுரம் நோக்கிப் போகும் சாலை காஸ்வேஹெட் ரோடு. காஸ்வே என்றால் சதுப்பின் நடுவே மண் போட்டு உயர்த்திய பாதை. கோபுரத்தின் அடிவாரம் வரை இரண்டு கிலோமீட்டருக்குள், முழுக்கச் சமதரை. கடைசி நுழைவு நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, பாலத்திலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் புறப்படுங்கள்.