ஓட்டுநர் இல்லாத டாக்சி பாதுகாப்பானதா? கேள்விகளும் பதில்களும்

வாகன விபத்துப் பதிவுகளைப் படித்து, எது ஏன் நடந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. அமெரிக்காவில் ஓடும் ஓட்டுநரில்லா டாக்சிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மனிதர் ஓட்டுவதைவிட இது பாதுகாப்பானதா?

கூகுள் குழுமத்தைச் சேர்ந்த வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வண்டி, அது ஓடும் ஊர்களில், காயம் ஏற்படும் விபத்துகளைப் பொறுத்தவரை: ஆமாம், தெளிவாகவே. உயிரிழப்பைப் பொறுத்தவரை, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அது இன்னும் ஓடவில்லை. ‘ஓட்டுநரில்லா வண்டி எல்லாமே அப்படித்தானா’ என்று கேட்டால் என் பதில் ‘இல்லை’.

கேள்வி: அந்த ‘ஆமாம்’ எங்கிருந்து வருகிறது? அந்தக் கம்பெனியே வெளியிட்ட கணக்குதானே?

நியாயமான சந்தேகம். முக்கியமான ஆய்வு 2025இல் வந்தது. ஃபீனிக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆஸ்டின் ஆகிய நான்கு ஊர்களில், ஸ்டியரிங்கில் யாரும் இல்லாமல் வேமோ ஓடிய 5 கோடியே 67 லட்சம் மைல்களை அது எடுத்துக்கொண்டது. அதே ஊர்களில், அதே வகைச் சாலைகளில் மனிதர்கள் அவ்வளவு தூரம் ஓட்டியிருந்தால் எத்தனை விபத்து நடந்திருக்கும் என்று ஒப்பிட்டார்கள். பலத்த காயமோ அதற்கு மேலோ ஏற்பட்ட விபத்துகள் 85 சதவீதம் குறைவு. பாதசாரிகள் காயப்பட்ட விபத்துகள் 92 சதவீதம் குறைவு. சாலைச் சந்திப்புகளில் வண்டியோடு வண்டி மோதிக் காயம் ஏற்பட்டவை 96 சதவீதம் குறைவு.

எழுதியவர்கள் வேமோவில் வேலை செய்பவர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தானோட்டி வண்டிகளின் மோதல்களைக் கூட்டாட்சிச் சாலைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 ஜூனிலிருந்து கட்டாயம். அந்தப் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். நானும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். சிக்னலில் நின்றுகொண்டிருந்த வேமோவின் பின்னால் வேறு யாரோ வந்து இடித்த கதை அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். காப்பீட்டுத் துறையில் பெரிய நிறுவனமான சுவிஸ் ரீ, வேமோவோடு சேர்ந்து 2 கோடியே 53 லட்சம் மைல்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்தது. மனிதர்கள் ஓட்டியிருந்தால் உடல்காயத்துக்காக ஏறத்தாழ 26 கோரிக்கைகள் வந்திருக்கும். வந்தவை 2.

கேள்வி: மனிதர்கள் சின்னச் சின்ன இடிகளைப் போலீசில் சொல்வதே இல்லை. வேமோ எல்லாவற்றையும் எழுதுகிறது. ஒப்பீடே தப்பில்லையா சார்?

(சார் இல்லை, மேடம்!) ரொம்பச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படி, பொருட்சேதம் மட்டும் உள்ள விபத்துகளில் சுமார் 60 சதவீதம் போலீஸ் பதிவுக்கு வருவதில்லை. காய விபத்துகளில்கூட 32 சதவீதம் வருவதில்லை. பதிவானதை மட்டும் வைத்து எண்ணினால் மனிதர்கள் உண்மையில் இருப்பதைவிட நல்ல ஓட்டுநர்களாகத் தெரிவார்கள், அது வேமோவுக்குப் பாதகம். இந்த ஆய்வில் அதற்கான திருத்தம் செய்திருக்கிறார்கள். ஆனால் திருத்தம் என்றாலே ஏதோ ஒரு அனுமானம் உள்ளே வந்துவிடும். அதனால்தான் நான் முதலில் பார்ப்பது பலத்த காயம், ஏர்பேக் வெடித்தது போன்றவற்றை. அவற்றை யாரும் எளிதில் சொல்லாமல் விட முடியாது. அங்கேயும் வித்தியாசம் பெரிதாகவே இருக்கிறது.

கேள்வி: உயிரிழப்பு பற்றி ஏன் தயங்குகிறீர்கள்?

2023இல் அமெரிக்கச் சாலைகளில் 40,901 பேர் இறந்தார்கள். கேட்கவே பயங்கரமான எண். ஆனால் ஓட்டிய தூரத்தோடு வகுத்தால், 10 கோடி மைலுக்கு 1.26 உயிர்தான் வருகிறது. இவ்வளவு அரிதாக நடப்பதை ஒப்பிட நிறைய தூரம் வேண்டும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இலேயே கணக்குப் போட்டுச் சொன்னது: ஒரு உயிர்கூடப் போகாமல் 27.5 கோடி மைல் ஓடினால்தான், மனிதரைவிட மோசமில்லை என்பதை 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். வேமோ 2025 செப்டம்பர் வரை ஓடியது 12.7 கோடி மைல். பலத்த காயங்கள் குறைவது நல்ல அறிகுறிதான், ஆனால் அறிகுறியை நிரூபணம் என்று நான் எழுத மாட்டேன். பொதுமக்களை ஹைவேயில் ஏற்றிச் செல்லத் தொடங்கியதும் 2025 நவம்பரில்தான். மேலே சொன்ன சதவீதங்கள் ஊருக்குள் ஓடியதற்கானவை.

கேள்வி: இயந்திரம் எதில் நம்மை மிஞ்சுகிறது?

குடிப்பதில்லை, போன் பார்ப்பதில்லை, வேக வரம்பைத் தாண்ட அவசரப்படுவதில்லை. 2023இன் உயிரிழப்புகளில் 30 சதவீதம் குடிபோதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்டவை என்பதைப் பார்த்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் லைடாரும் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி) ரேடாரும் இருட்டிலும் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கின்றன.

கேள்வி: ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போனதே, அது எந்த வண்டி?

அது க்ரூஸ், ஜெனரல் மோட்டார்ஸின் நிறுவனம். 2023 அக்டோபர் 2, சான் ஃபிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய ஒரு கார் பாதசாரி ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. அவர் பக்கத்துத் தடத்தில் வந்த க்ரூஸ் வண்டியின் முன்னால் விழுந்தார். வண்டி அவர்மேல் ஏறி நின்றது. இதுவரை நடந்ததை எந்த ஓட்டுநராலும் தவிர்த்திருக்க முடியாது என்று வாதிடலாம். அதற்குப் பிறகுதான் கொடுமை. பக்கவாட்டில் ஏதோ மோதியிருக்கிறது என்று மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டு, ஓரம் கட்டுவதற்காக மறுபடி நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. ஒரு ஆள் ஓட்டியிருந்தால் அலறல் கேட்டு இறங்கி ஓடியிருப்பார்.

என்னை அதைவிட உலுக்கியது இன்னொன்று. அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழுத்துச் சென்றதை க்ரூஸ் எழுதவே இல்லை. கலிஃபோர்னியா அந்த மாதமே உரிமத்தை நிறுத்தியது. பொய் அறிக்கைக்காக 2024இல் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. நான் மேலே கொடுத்த சதவீதம் ஒவ்வொன்றும் கம்பெனிகள் நடந்ததை நடந்தபடி எழுதுகின்றன என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அதனால்தான் அறிக்கை விதிகளைத் தளர்த்தலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: வேமோ மட்டும் தப்பே செய்யாதா?

செய்கிறது. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸில் கோணலாகக் கட்டி இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பிக்கப் லாரியை ஒரு வேமோ இடித்தது. சில நிமிடத்தில் இன்னொரு வேமோ வந்து அதே லாரியை இடித்தது. ஒரு ஓட்டுநரின் குறை அவரோடு போய்விடும். மென்பொருளின் குறையோ எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும். திருத்தமும் அதேபோல எல்லா வண்டிக்கும் போய்ச் சேரும்.

இப்போது எனக்குக் கவலை தருவது பள்ளிப் பேருந்துகள். ‘நில்’ பலகையை நீட்டி நிற்கும் பேருந்தை ஆஸ்டினில் வேமோக்கள் பல முறை கடந்து போயின. 2025 டிசம்பரில் மென்பொருளைத் திரும்பப் பெற்றுத் திருத்த வேண்டியதாயிற்று. மோதல் நடக்காததால் இது விபத்துக் கணக்கில் வராது. குழந்தை இறங்கும் நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: டெஸ்லா?

2025 ஜூனில் ஆஸ்டினில், முன் சீட்டில் கண்காணிப்பாளரை உட்காரவைத்துத் தொடங்கினார்கள். ஆள் இருந்து ஓடிய மைலை ஆளில்லாமல் ஓடிய மைலோடு சேர்த்து எண்ணக் கூடாது.

கேள்வி: நம்ம சென்னைக்கு எப்போது வரும் அக்கா?

எப்போது வந்தாலும் அமெரிக்கச் சதவீதங்கள் இங்கே செல்லாது. இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். தடமே இல்லாமல் இடுக்கில் நுழையும் பைக்குகளுக்கு நடுவே அது எப்படி ஓடும் என்பதை இங்கேயே ஓட்டி அளந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: ஃபீனிக்ஸில் இருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், வேமோவில் ஏறப் பயப்படுகிறார். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. முதல் தடவை நீங்களும் கூட உட்காருங்கள், அம்மா பின்சீட்டிலும் பெல்ட் போடட்டும். இறங்கும்போது கதவைச் சட்டென்று திறக்க வேண்டாம். பின்னால் சைக்கிள் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.