கை வேலை தெரியும், கணக்கு உதைக்கிறது: வாசகர் கேள்வி பதில்

தொழிற்பயிற்சி முடித்துச் சொந்தமாகத் தொழில் செய்பவர்களும், பயிற்சி கொடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பயிற்சி முடித்துத் தனியாக வேலை எடுக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கூலியை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: போட்டியாளர் வாங்குவதில் கொஞ்சம் குறைத்துக் கேட்பதுதான் புதிதாக வருபவர்களின் வழக்கம். அவருடைய செலவு உங்களுக்குத் தெரியாது. அவரே நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

மாதம் உங்களுக்கு வேண்டிய சம்பளம் 20,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வண்டி, போன், இடம், காப்பீடு 7,000. கருவிகளின் மொத்த விலை 1,08,000. மூன்று வருடம் உழைக்கும் என்றால் 36 மாதத்தால் வகுக்க, மாதம் 3,000. ஆக 30,000.

இனி மணி. 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி. அந்த 30,000ஐப் பலர் இதால்தான் வகுக்கிறார்கள். மணிக்கு 144 வரும். ஆனால் பயணம், உதிரிபாகம் வாங்கக் காத்திருப்பது, விலை சொல்லப் போய் வருவது, போன் பேசுவது எதற்கும் யாரும் காசு தருவதில்லை. ஆரம்பத்தில் பில் போடக்கூடிய நேரம் பாதிதான் தேறும். 100 மணி என்று எடுத்தால் மணிக்கு 300. நீங்கள் 144 வாங்கினால் மாதம் 14,400தான் வரும். வேலை நிறைய இருந்தும் காசு நிற்காத மர்மம் இதுதான். இரண்டு வாரம் நேரத்தைக் குறித்துப் பார்த்து, உங்கள் பில் மணி எத்தனை என்று கண்டுபிடியுங்கள்.

உதிரிபாகத்திலும் ஒரு குழி இருக்கிறது. 100க்கு வாங்கியதில் 25 சதவீதம் ஏற்றி 125க்கு விற்கிறீர்கள். வாடிக்கையாளர் கேட்டார் என்று 20 சதவீதம் தள்ளுபடி தருகிறீர்கள். இன்னும் 5 சதவீதம் மிஞ்சும் என்றுதானே தோன்றுகிறது? 125ல் 20 சதவீதம் 25. வாங்கின விலைக்கே விற்றுவிட்டீர்கள்.

வந்து பார்ப்பதற்கான குறைந்தபட்சக் கட்டணத்தைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்த பிறகு சொன்னால் தகராறுதான். இன்னொன்று: கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டு வருவது, குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வேக்கம் பம்ப் போட வேண்டிய நேரத்தைச் சுருக்குவது. அன்றைக்கு அரை மணி மிச்சம். சில வாரத்தில் அதே வீட்டுக்கு இலவசமாக மறுபடி போக வேண்டும், அரை நாள் போச்சு. மறுபடி கூப்பிட்ட வேலைகளைக் காரணத்தோடு தனி நோட்டில் எழுதி வையுங்கள். லாபம் எந்த வழியாக ஒழுகுகிறது என்று அந்த நோட்டு காட்டும்.

கேள்வி: ஆறு மாதத் தையல், மின்பணிப் பயிற்சிகள் நடத்துகிறோம். கடைசி இரண்டு வாரம் தொழில்முனைவு வகுப்பு. மாணவர்கள் திட்ட அறிக்கை அழகாக எழுதுகிறார்கள். தொழில் தொடங்குபவர்கள் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எதை மாற்றுவது?

பதில்: அந்த இரண்டு வாரத்தை அப்படியே எடுத்துவிடலாம். ஐந்தரை மாதம் "சரியாகச் செய்" என்று மட்டும் பழக்கிவிட்டு, கடைசியில் "விற்று வா" என்றால் எப்படி வரும்? வியாபாரத்தைத் தனிப் பாடமாக ஒட்டவைக்காமல், முதல் நாளிலிருந்து பட்டறை மேசையிலேயே வையுங்கள்.

முதல் மாதமே ஒவ்வொரு பயிற்சி வேலைக்கும் ஒரு வேலைச் சீட்டு. அதில் மூன்று கட்டம் போதும்: எடுத்த நேரம், செலவான பொருள், வீணான பொருள். சட்டை தைத்தவருக்கு வெட்டுத்துணி எவ்வளவு போனது என்று தெரிய வேண்டும். வயரிங் செய்தவருக்கு எத்தனை மீட்டர் வயர் மிஞ்சியது என்று தெரிய வேண்டும். மூன்றாம் மாதம் ஒரே வேலையை எல்லோருக்கும் கொடுத்து, தனித்தனியாகக் கொட்டேஷன் எழுதச் சொல்லுங்கள். தொகைகளைப் பலகையில் வரிசையாக எழுதினால், ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. யார் எதை விட்டார்கள் என்று அங்கேயே பேசுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது சொந்தக் கூலிதான்.

ஐந்தாம் மாதத்திலிருந்து வெளி வாடிக்கையாளர் வேலை, பயிற்றுநர் பொறுப்பில், உண்மையான பணத்துக்கு. மின்பணியில் பயிற்றுநர் சோதித்துக் கையெழுத்திடாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். முடிவு மதிப்பீட்டுக்கு முப்பது பக்கத் திட்ட அறிக்கைக்குப் பதில், உறவினர் அல்லாத மூன்று பேர் பணம் கொடுத்த ரசீதைக் கேளுங்கள். பெரியப்பா கொடுத்த ஆர்டர் சந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பாடத்தில் எதைச் சேர்ப்பது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பயிற்சியே கொடுக்காமல் ஒப்பிட்டுச் சோதித்து, முடிவை 2017ல் வெளியிட்டார்கள். கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பாடம் படித்தவர்களின் லாபம் 11 சதவீதம் கூடியது. புள்ளியியல்படி அது உறுதியான மாற்றமே அல்ல. தானாக முன்னெடுப்பது, தடையை முன்கூட்டியே யோசிப்பது, மற்றவரிடமிருந்து வேறுபட்டு நிற்பது ஆகியவற்றைப் பழகியவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. கணக்கு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதாது.

இரண்டையும் பிரிக்காமல் வைப்பது புதிய யோசனையும் அல்ல. ஜெர்மனியில் கைவினைத் தொழில்களுக்கான 'மைஸ்டர்' (தேர்ந்த கைவினைஞர்) தேர்வு நான்கு பகுதி கொண்டது: செய்முறை, தொழில் கோட்பாடு, வணிகமும் சட்டமும், பிறருக்குப் பயிற்சி தருவது. கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வணிகப் பகுதியில் தேறாமல் பட்டம் கிடையாது.

பயிற்சி முடிந்த பிறகும் ஆறு மாதம் கைவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். போகிறவர் அந்தத் தொழிலில் சம்பாதித்தவராக இருக்கட்டும். போனதும் "எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்காமல் வேலைச் சீட்டுகளையும் பாக்கி நோட்டையும் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

கேள்வி: தச்சு வேலை கற்றிருக்கிறேன். இயந்திரங்கள் எல்லாம் வாங்கினால்தான் தொழில் தொடங்க முடியும் என்கிறார்கள். மொத்தமாகக் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் பத்து ஆர்டருக்கு எந்தெந்தக் கருவி, எத்தனை மணி நேரம் தேவை என்று எழுதுங்கள். எல்லா ஆர்டரிலும் வருவதை வாங்குங்கள். ஒன்றிரண்டில் மட்டும் வருவதை வாடகைக்கு எடுங்கள், அல்லது அந்த இழைப்பை இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வாடகை என்று கட்டியதே இயந்திர விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கையிலிருக்கும் முதலை முழுவதும் இரும்பில் போட்டுவிட்டு, மரம் வாங்கக் காசில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். மூன்று மாத நடைமுறைச் செலவைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு மீதியில் கருவி வாங்குங்கள்.

தொழில் தொடங்கப் பணம் கிடைத்தால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. வட உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. அவர்கள் ஒரு பகுதியைத் தொழில் கற்கவும், பெரும்பகுதியைக் கருவி, பொருள் வாங்கவும் போட்டார்கள். நான்கு வருடத்தில் அவர்கள் வருமானம் மானியம் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஆனால் ஒன்பதாம் வருடம் பார்த்தபோது மற்றவர்களும் வருமானத்தில் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தார்கள். அந்தப் பணம் உங்களுக்குக் கொடுப்பது சில வருட முந்துதல். அந்த வருடங்களில் வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கணக்கு எழுதுவதென்றாலே எனக்குக் கசப்பு. குறைந்தபட்சம் எதை எழுத வேண்டும்?

பதில்: வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரித்தாலே பாதிக் கணக்கு முடிந்தது. இரண்டு பெட்டி அல்லது இரண்டு வங்கிக் கணக்கு. வாரம் ஒரு நாள், ஒரே தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல்லாவில் கை வைக்காதீர்கள். டொமினிக்கன் குடியரசில் சிறு கடன் வாங்கியவர்களிடம் நடந்த ஆய்விலும், முறையான கணக்குப் பாடத்தைவிட இப்படிப்பட்ட எளிய விதிகளைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் கணக்கு வைக்கும் பழக்கம் மேம்பட்டது. இதற்கு மேல் ஒரே ஒரு நோட்டு: யார் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து.

கேள்வி: ஒரே வகுப்பில் படித்த மூன்று நண்பர்கள் சேர்ந்து வெல்டிங் பட்டறை போடுகிறோம். சம பங்கு என்று பேசியிருக்கிறோம். சரிதானே?

பதில்: மூவரும் சமமாகப் பணம் போட்டு, சமமாக உழைத்தால் சரி. அப்படி நடப்பது அபூர்வம். உழைப்புக்குக் கூலியையும் முதலுக்குப் பங்கையும் தனியாக வையுங்கள். யார் எத்தனை மணி வெல்டிங் செய்தாரோ அவருக்கு அந்தக் கூலி முதலில். மிஞ்சிய லாபத்தில் போட்ட முதலுக்கு ஏற்ற பங்கு.

பட்டறை திறப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டியவை சில. ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. எந்தத் தொகைக்கு மேல் வாங்க மூவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தனியாக எடுக்கும் வேலை யாருடையது. சொந்தக்காரர்களுக்கு விலை குறைத்துச் செய்தால் அந்த இழப்பு யார் கணக்கில் ஏறும். கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். சண்டை முதலில் வருவதும் அங்கேதான்.

கேள்வி: படித்து முடித்த கையோடு தொடங்கலாமா, சில காலம் வேலைக்குப் போகலாமா?

பதில்: ஒரு வருடம் வேலைக்குப் போங்கள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. எந்தச் சரக்குக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் தருகிறார், வேலை காயும் மாதங்கள் எவை, முதலாளி எந்த வேலையை மறுத்து அனுப்புகிறார் என்று கவனியுங்கள். மூன்றாவதை எந்தப் பயிற்சி நிலையமும் சொல்லித்தராது. அவர் மறுக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் சில கையைக் கடிக்கும் வேலையாக இருக்கும். சில, அவருக்கு நேரமில்லாததால் விட்டவை. அவைதான் உங்கள் முதல் ஆர்டர்கள்.