வாசகர் கேள்வி: லினோவும் மரமும், கொல்விட்ஸோட கருப்பும்

கேள்வி: லினோகட்டும் வுட்கட்டும் ஒண்ணுதானா? பாத்தா ஒரே மாதிரி தெரியுதே. (ஒரு மாணவர், திருச்சி)

பதில்: முறை ஒண்ணுதாங்க. பலகைல உளியால படத்த வெட்டி, வெட்டாம விட்ட இடத்துல ரோலரால மை தடவி பேப்பர வச்சு அழுத்துறோம், வெட்டின இடம் வெள்ளையா வரும். பொருள்தான் வேற. லினோலியம்ங்கறது ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து செஞ்ச தரைவிரிப்பு, அதுல நார் கிடையாது, உளி எந்தப் பக்கம் திருப்பினாலும் வழுக்கிட்டுப் போகும். மரம் அப்படி விடாது, நாருக்குக் குறுக்க போனா சிலும்பும், சில நேரம் நீங்க நினைக்காத துண்டும் சேந்து பேந்துடும். 1905ல ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரத்துல ‘பாலம்’னு ஓவியர் குழு ஆரம்பிச்ச கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப் எல்லாம் லினோவும் வெட்டினாங்க, ஆனா அவங்களுக்கு அந்தச் சிலும்பல்தான் ரொம்பப் புடிச்சுது. 1906ல குழுவோட அறிக்கையவே கிர்ஷ்னர் எழுத்தெழுத்தா மரத்துல செதுக்கினாரு, அதுவும் அச்சுல நேரா வரணும்னா பலகைல தலைகீழ் கண்ணாடி எழுத்தா வெட்டணும், யோசிச்சுப் பாருங்க!

கேள்வி: ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் அவ்வளவு நுணுக்கமா வரையறவங்க, ஏன் மரத்துக்குப் போயி இப்படி முரட்டுக் கருப்பா செஞ்சாங்க? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்விங்க இது. 1914 அக்டோபர்ல அவங்க சின்ன மகன் பேட்டர் பெல்ஜியத்துல போர்ல செத்துப்போனான், 18 வயசு. மைனர்ங்கறதால படைல சேர அப்பா சம்மதம் வேணும், அவர் மாட்டேன்னுதான் நின்னாரு, அம்மாதான் பேசி சம்மதிக்க வச்சாங்க. அந்த பாரத்த எப்படிங்க சுமக்கறது? பல வருஷம் வரைஞ்சு பாத்தும் மனசுக்குத் திருப்தியா வரல. 1920ல பெர்லின் கண்காட்சி ஒண்ணுல ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கோட மரச்செதுக்கு அச்சுகளப் (வுட்கட்) பாத்தாங்க, அப்புறம்தான் உளிய எடுத்தாங்க. கொலையான சோஷலிசத் தலைவர் லீப்க்னெக்ட்டுக்கு செஞ்ச அஞ்சலிப் படத்தயும் முதல்ல செப்புத்தகட்டுல, அப்புறம் கல்லச்சுலன்னு முயற்சி பண்ணி, கடைசில மரத்துலதான் முடிச்சாங்க.

செப்புத்தகட்டுலயும் கல்லுலயும் சாம்பல் நிறத்த மெல்ல மெல்ல கொண்டு வரலாம், மரத்துல மையா வெள்ளையா ரெண்டுல ஒண்ணுதான், வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது. மகன அனுப்பி வச்ச ஒரு தாய்க்கு அந்தப் பலகைதான் பொருத்தம்னு நான் நம்புறேன்.

1921, 22ல ‘போர்’ங்கற வரிசைல ஏழு மரச்செதுக்கு செஞ்சாங்க. முதல் படத்துல ஒரு தாய் கைக்குழந்தைய ரெண்டு கையாலயும் தூக்கிக் குடுக்கறா. மூணாவதுக்குப் பேரு ‘பெற்றோர்’. அதுல சண்டை இல்ல, பிணம் இல்ல, முட்டி போட்ட ரெண்டு பேருதான். அப்பா ஒரு கையால முகத்த மூடியிருக்காரு, இன்னொரு கை அம்மாவத் தாங்கிப் புடிச்சிருக்கு, ரெண்டு உடம்பும் ஒரே கருப்பா சேந்து கிடக்கு, எது யாரோட உடம்புன்னு பிரிச்சுப் பாக்கக்கூட முடியல. அந்தக் கருப்பு முழுக்க கொல்விட்ஸ் உளி படாம விட்டு வச்ச மரம்.