ஒன்டாரியோவில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் வேலை: எவ்வளவு தொழில்நுட்பம் வேண்டும்?

தங்கை,

திருச்சியில் 10 ஆண்டுகள் வேதியியல் கற்பித்துவிட்டு ஒன்டாரியோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி தெரியாமல், பயிற்சிப் பாடங்களை வடிவமைக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் ஆகவே முடியாது என்று ஒருவரும், பவர்பாயின்ட் தெரிந்தால் போதும் என்று இன்னொருவரும் சொன்னதாக எழுதி, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையுமே நம்பாதீர்கள். முதலாவது கையில் இருக்கும் சேமிப்பைக் கரைத்துவிடும். இரண்டாவதை நம்பிப் போனால் நேர்முகத் தேர்வைத் தாண்டுவது கடினம்.

கோடிங் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். நான் இங்கே வெகுகாலமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னோடு பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதுவதில்லை. ஆனால், பாடம் தயாரிக்கும் மென்பொருள் ஒன்றையாவது அடிவரை தெரிந்து வைத்திருப்பார்கள். ஆர்ட்டிகுலேட்டின் ஸ்டோரிலைனும் ரைஸும், அடோபியின் கேப்டிவேட்டும் வேலை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும். ரைஸ் எளிது, சீக்கிரம் பழகிவிடும். உழைப்பை ஸ்டோரிலைனுக்குக் கொடுங்கள். ‘விடை தவறினால் இந்த விளக்கத்தைக் காட்டு, மறுபடியும் தவறினால் முந்தைய பகுதிக்கு அனுப்பு’ என்று ட்ரிகர்களையும் (எது நடந்தால் என்ன செய்வது என்ற கட்டளைகள்) வேரியபிள்களையும் (மதிப்புகளை நினைவில் வைப்பவை) கொண்டு நிபந்தனை அமைக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலான வேலைகளில் அதற்கு மேல் தர்க்கம் கேட்கமாட்டார்கள். அது விண்டோஸ் மென்பொருள் என்பதால், மேக் கணினி வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இலவசச் சோதனைக் காலத்தைத் தொடங்கும் முன்பே பாடத்தைத் தாளில் முழுவதும் எழுதி வைத்துக்கொண்டால், ஒரு நாளும் வீணாகாது.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தைத் தயாரித்து முடித்த பிறகுதான். அதை ஸ்கார்ம் கோப்பாக்கி எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை வழங்கி யார் எவ்வளவு முடித்தார் என்று பதியும் தளத்தில், ஏற்ற வேண்டும். மூடுல் என்ற எல்எம்எஸ் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். இங்கே பல கல்லூரிகளில் இருப்பது பிரைட்ஸ்பேஸ், நம் ஒன்டாரியோவின் கிச்சனர் நகரத்து நிறுவனம் உருவாக்கியது. பாடமும் எல்எம்எஸ்ஸும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிதான் ஸ்கார்ம். 2001இல் வந்த அதன் 1.2 பதிப்பை இன்னும் பல நிறுவனங்கள் விடவில்லை. கற்பவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதைக் குறித்துவைக்க அந்தப் பதிப்பில் 4,096 எழுத்துக்குறிகளுக்குத்தான் இடம் உண்டு. பாடம் நீண்டு, கேள்விகளும் நிறைய இருந்தால் அந்த இடம் நிரம்பிவிடும். நேற்று பாதியில் நிறுத்திய ஊழியர் இன்று திறந்தால், விட்ட இடத்துக்குப் போகாமல் பழைய இடத்திலேயே போய் நிற்பார். கணினிப் பிரிவினர் எல்எம்எஸ்ஸில் கோளாறு இல்லை என்பார்கள், அதுவும் உண்மைதான். இதை அறிந்தவர் பாடத்தை இரண்டாகப் பிரிப்பார், அல்லது எல்எம்எஸ் ஏற்குமானால் 64,000 எழுத்துக்குறிகள் கொள்ளும் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் வெளியிடுவார். இதற்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. கோளாறு எங்கே என்று சொல்லத் தெரிந்தால் போதும், அந்த அளவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஸ்கார்ம் கிளவுட் என்ற தளத்தில் சிறிய இலவசக் கணக்கு கிடைக்கும். உங்கள் கோப்பை அங்கே ஏற்றினால், பாடம் எல்எம்எஸ்ஸுக்கு என்ன அனுப்புகிறது என்பதை வரிவரியாகப் பார்க்கலாம்.

அடுத்தது அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி செய்வது. 2005ஆம் ஆண்டின் ஏஓடிஏ என்ற அணுகல்தன்மைச் சட்டத்தின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒன்டாரியோ நிறுவனங்களின் பொது இணையதளங்கள் இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.0 தரத்தின் இரட்டை ஏ நிலையை எட்டியிருக்க வேண்டும். பயிற்சிப் பாடங்களிலும் அதே தரத்தைக் கேட்கும் மேலாளர்கள் பலர். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 நிறவேறுபாடு, படங்களுக்கு மாற்று உரை, காணொளிக்கு வசன வரி, மவுஸைத் தொடாமலே முழுப் பாடத்தையும் முடிக்கும் வசதி ஆகியவற்றை முதல் பாடத்திலிருந்தே பழகுங்கள். பார்வையற்ற ஊழியர் ஒருவர் கட்டாயப் பயிற்சியை முடிக்க முடியாமல் நிற்பது அநியாயம். அதற்கு நாம் காரணமாகக் கூடாது.

வேலை தேடும்போது காட்ட ஒரு மாதிரிப் பாடம் வேண்டும். அது எதைப் பற்றி என்று யோசிக்க வேண்டாம், உங்கள் வேதியியலே வழி காட்டுகிறது. அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் கனடா ஊழியர்களுக்கு விமிஸ் என்ற பணியிட ரசாயனப் பாதுகாப்பு முறையில் பயிற்சி கட்டாயம். ஒரு ரசாயனத்தின் அபாயங்களையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பிரிவுகள் உண்டு. துப்புரவுப் பணியாளர் ஒருவர் கையில் அமிலம் தெறித்ததும் அவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்? முதலுதவி சொல்லும் நான்காவது பிரிவை. அந்த ஒரு சூழலை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடப் பாடமாகச் செய்யுங்கள். 16 பிரிவுகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பாடங்கள் ஏற்கெனவே ஏராளம். எதை விடுவது, எதைச் செய்ய வைப்பது என்று தீர்மானிக்கும் திறன்தான் இந்த வேலையின் உயிர். வகுப்பறையில் அதைத்தானே இத்தனை ஆண்டுகளாகச் செய்தீர்கள்? ஸ்டோரிலைனை யாரும் கற்றுக்கொள்ளலாம், இந்தத் திறன் உள்ளவர்களைத் தேடித்தான் எடுக்கிறார்கள்.

நேர்முகத் தேர்வில் உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லும்போது, எந்த எல்எம்எஸ், ஸ்கார்மில் எந்தப் பதிப்பு, ‘முடித்துவிட்டார்’ என்பதைத் தேர்ச்சியை வைத்துப் பதிகிறீர்களா, பார்த்த பக்கங்களை வைத்தா என்று கேளுங்கள். மாதிரிப் பாடம் தயாரானதும் இணைப்பை அனுப்புங்கள். விசைப்பலகையை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.